மேரி பத்து மணிக்குத் திறக்கிறது

முத்தியால்பேட்டை,
புதுச்சேரி-3
14-6-1981

‘நாளோலை’ ஆசிரியர் அவர்களுக்கு,

இத்தனை நாள் பேசாமல் இருந்தது போதும். தாங்களும் தங்கள் அலுவலகத்தாரும் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்பி, நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எட்டு ஆண்டுகளுக்கு முன் என் நாவலைப் பற்றித் தங்கள் நாளிதழ் நான்கு வரி எழுதியது. அதில் இரண்டு வரி அச்சுப்பிழைகளைப் பற்றி. அன்றிலிருந்து தங்களுக்கு எழுதுவதில்லை என்று வைத்திருந்தேன். தெருவிளக்கு, பேருந்து நிறுத்தம், நூலகக் கூரை என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் மற்ற இதழ்களுக்கே எழுதிவந்தேன். ஆனால் குருசுக்குப்பத்து டீக்கடைகளில் கிடப்பது தங்கள் இதழ் ஒன்றுதான். ஆகவே மறுபடி தங்களிடமே வர வேண்டியிருக்கிறது. கீழே உள்ளதை ஒரு சொல்லும் மாற்றாமல் வெளியிடுக.

“குருசுக்குப்பத்தில் ஏழைகளுக்காக நடக்கும் இலவச மருந்தகத்தின் எதிரே ஒரு தெருக்குழாய் உண்டு. மார்ச் மாதம் முதல் அதில் சொட்டுத் தண்ணீர் இல்லை. மருந்தகத்தில் ஊசி கொதிக்கவைக்கக்கூட இரண்டு தெரு தள்ளியிருக்கும் கிணற்றிலிருந்து குடத்தில் சுமந்து வருகிறார்கள். மேரிக்கு மூன்று முறை எழுதியாயிற்று. மேரி அசையவில்லை. காலை பத்து மணிக்கு மேரி திறக்கிறது. மாலை ஐந்து மணிக்கு மூடுகிறது. இடையில் ஏழு மணி நேரம். ஒரு குழாயைப் பற்றி நினைக்க அதில் ஒரு நிமிடம் கிடைக்காதா?”

இப்படிக்கு,
சூ. இராயப்பன், எம்.ஏ.,
நாவலாசிரியர்

*

‘நாளோலை’ அலுவலகம்,
சென்னை-2
27-6-1981

மதிப்பிற்குரிய இராயப்பன் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமாக இருக்க வேண்டுகிறேன். புதுவையில் வெயில் இன்னும் இறங்கவில்லை என்று கேள்விப்படுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதம் முதல் வாசகர் கடிதப் பகுதி என் பொறுப்பில் வந்திருக்கிறது. நான் உட்கார்ந்ததும் முதலில் பிரித்த உறை தங்களுடையது. படித்ததும் மனம் பதறியது. 24ஆம் தேதி இதழில் ‘மருந்தகத்து மேரி கவனிப்பாரா?’ என்று தலைப்பிட்டு முதல் கடிதமாகப் போட்டுவிட்டேன். இடம் போதாததால் ஒரு வரி எடுக்க வேண்டியதாயிற்று. ஓரிரண்டு வினைமுற்றுகளையும் சரிசெய்தேன். அவசரத்தில் எழுதியிருப்பீர்கள், தவறாக எண்ண வேண்டாம். பிரதி இணைத்துள்ளேன்.

எட்டு ஆண்டு கழித்து எங்களுக்கு எழுதியதற்கு நன்றி. அந்த அம்மையார் இப்போதாவது அசைந்தாரா என்று அறிய ஆவல்.

தங்கள் அன்புள்ள,
வ. ஜானகிராமன்,
உதவி ஆசிரியர்

*

முத்தியால்பேட்டை
30-6-1981

ஜானகிராமன் அவர்களுக்கு,

என் உடம்பு நன்றாகத்தான் இருந்தது, உங்கள் பிரதி வந்து சேரும்வரை.

மேரி என்பது ஒரு பெண் அல்ல ஐயா. அது ஒரு கட்டடம். கடற்கரைச் சாலையில் தூண் தூணாக, கடலைப் பார்த்தபடி நிற்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் நகராட்சி அலுவலகத்தை ‘மேரி’ என்றார்கள். அவர்கள் போய் இருபத்தேழு ஆண்டு ஆகிறது. இந்த ஊரில் பிச்சைக்காரன்கூட இன்றும் மேரி என்றுதான் சொல்கிறான். பிறப்புச் சீட்டு வாங்க மேரிக்குப் போவோம். வீட்டுவரி கட்ட மேரிக்குப் போவோம். அதனால்தான் ‘மேரி திறக்கிறது’ என்று எழுதினேன். அவசரத்தில் எழுதவில்லை. நான் எதையும் அவசரத்தில் எழுதுவதில்லை.

நீங்கள் அச்சிட்டிருப்பது இது: “மருந்தகத்து மேரிக்கு மூன்று முறை எழுதியும் அவர் அசையவில்லை. காலை பத்து மணிக்கு வருகிறார். மாலை ஐந்து மணிக்குப் போய்விடுகிறார்.” எடுத்துவிட்ட ஒரு வரியும் எது என்று பார்த்தேன். ஊசியும் குடமும் வரும் வரி. கடிதத்தின் உயிரே அதுதான்.

நேற்று சைக்கிள் கடை வேம்பு, பத்துப் பேர் முன்னால் கேட்கிறார்: “இன்னா முசியே, ஆம்பளைங்க யாரும் கெடைக்கலியா ஒங்களுக்கு? அந்த நர்சம்மாவப் போயி பேப்பர்ல இழுத்து வுட்டுட்டீங்களே!” முப்பது ஆண்டு வாத்தியாராக இருந்தவன், ஊரார் முசியே என்று மரியாதையாக அழைப்பவன். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

ஆம், அந்த மருந்தகத்தில் மேரி என்று நர்ஸ் ஒருவர் இருக்கிறார். இந்த ஊரில் எந்த மருந்தகத்தில்தான் ஒரு மேரி இல்லை? உடனே திருத்தம் வெளியிடுங்கள்.

சூ. இராயப்பன்,
நாவலாசிரியர்

*

சென்னை-2
8-7-1981

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதத்தைப் படித்த அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. நான் மன்னார்குடிப் பக்கம். எங்கள் ஊரில் மேரி என்றால் மூன்றாம் வகுப்பு டீச்சர். வேறொரு மேரி இந்த உலகத்தில் இருக்கக்கூடும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. என்னை மன்னிக்க வேண்டும்.

அரைப் பத்தியில் திருத்தம் எழுதிக் கொடுத்தேன். பக்கப் பொறுப்பாளர் அதை ஒரே வரியாக்கிவிட்டார்: “24ஆம் தேதிக் கடிதத்தில் ‘மேரி’ என்பதை ‘நகராட்சி’ எனத் திருத்தி வாசிக்கவும்.” அப்படித் திருத்தி வாசித்தால் ‘மருந்தகத்து நகராட்சி காலை பத்து மணிக்கு வருகிறார்’ என்று ஆகிறது. இதை யாரும் புரிந்துகொண்டிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை.

ஐயா, ஒன்று கேட்கலாமா? அந்த நர்ஸ் அம்மாவைத் தங்களுக்கு நேரில் தெரியுமா? இதனால் அவர்களுக்கு ஏதேனும் சங்கடம் வந்திருக்குமோ என்று நினைத்தால் தூக்கம் வரவில்லை. ஒரு வரி எழுதிப் போட்டால் நன்றியுடையவனாக இருப்பேன். தங்கள் உடல்நலத்தையும் எழுதுங்கள்.

அன்புடன்,
ஜானகிராமன்

*

மரியே வாழ்க

குருசுக்குப்பம்
20-7-81

மரியாதைக்குரிய இராயப்பன் ஐயாவுக்கு நர்ஸ் மேரி எழுதுவது. நான் சுகம். உங்க சுகத்துக்கு வேண்டிக்கறேன். முட்டிவலி இப்ப எப்படி இருக்குது? தைலம் தீர்ந்திருந்தா கமலா கடையில கிடைக்கும், பச்சை மூடி.

ரெண்டு தடவை வீட்டுக்கு வந்தேன். கதவு சாத்தியிருந்துச்சு. அதனால எழுதறேன். எட்டாங்கிளாஸ் படிப்பு, தப்பு இருந்தா மன்னிக்கணும்.

பேப்பர்ல வந்ததை மருந்தக கமிட்டி தலைவர் தொமினிக் ஐயா கூப்பிட்டுப் படிச்சுக் காட்டினார். விசாரணை முடியற வரைக்கும் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லிட்டாங்க. ஆகஸ்ட் பதினஞ்சு மாதா பண்டிகைக்குள்ள மருந்தகத்துக்குப் பின்னால இருக்கற ரூமையும் காலி பண்ணணுமாம். பத்தொன்பது வருஷமா அந்த ரூம்தான் எனக்கு வீடு. அது பரவாயில்லை ஐயா. நெல்லித்தோப்புல அண்ணன் இருக்குது.

மூணு தடவை எழுதினதா போட்டிருக்கீங்க. எனக்கு ஒண்ணும் வந்து சேரலை. மூணு தடவைன்னு ஏன் எழுதியிருப்பீங்கன்னு நாலு நாள் யோசிச்சேன். அப்புறம் புரிஞ்சுது. உங்க வீட்டுல ஜெர்மேன் அம்மா படுக்கையில இருந்தப்ப நான் வராம போனது மூணே நாள்தான். ஒரு நாள் கடல் ஏறி குப்பத்துக்குள்ள தண்ணி வந்துடுச்சு. ஒரு நாள் எங்கம்மாவ அடக்கம் பண்ணினோம். இன்னொரு நாள் கன்னியம்மாளுக்கு பிரசவம், குழந்தை குறுக்கால கிடந்துச்சு, விட்டுட்டு வர முடியலை. அந்த மூணு நாளும் அம்மாவுக்குப் புண்ணு துடைக்காம எவ்வளவு எரிஞ்சிருக்கும்னு எனக்குத் தெரியும். அப்பவே நான் வந்து சொல்லியிருக்கணும். சொல்லாதது என் தப்பு.

வேற எதுலயாவது குறை வச்சிருந்தா சொல்லுங்க. இன்னொரு இடத்துல வேலை கிடைச்சா திருத்திக்கலாம்.

மேரி

*

முத்தியால்பேட்டை
2-8-1981

அன்புள்ள ஜானகிராமன் அவர்களுக்கு,

நலம். உங்களுக்கும் வயிறும் தூக்கமும் சரியாகியிருக்க வேண்டும். மூன்று வாரமாக உங்களுக்குப் பதில் எழுதவில்லை. காரணம் உடல்நிலை அல்ல.

அந்த நர்சை நேரில் தெரியுமா என்று கேட்டிருந்தீர்கள். அவர் எனக்கு எழுதிய கடிதத்தின் நகலை இதனுடன் வைத்திருக்கிறேன். முதலில் அதைப் படித்துவிட்டு இதைப் படியுங்கள்.

படித்தாயிற்றா?

என் மனைவி ஜெர்மேன் இரண்டு ஆண்டுகளுக்கு முன் இறந்தாள். பதினொரு மாதம் படுக்கையில் இருந்தாள். அந்த அம்மா காலை ஆறு மணிக்கு ஒரு முறை, மருந்தகம் மூடிய பிறகு ஒரு முறை, குருசுக்குப்பத்திலிருந்து நடந்து வந்து புண் துடைத்து, புரட்டிப்போட்டு, துணி மாற்றிவிட்டுப் போவார். யாரும் அனுப்பவில்லை. நான் கேட்கவும் இல்லை. காப்பி கொடுத்தால் பாதி குடிப்பார். அடக்கத்தன்று எல்லாருக்கும் பின்னால் நின்றுவிட்டு வேலைக்குப் போய்விட்டார். நான் நன்றி என்று ஒரு சொல் சொல்லவில்லை. அப்போது வாய் வரவில்லை. பிறகு நாளாகிவிட்டது. நாளாக நாளாக அது இன்னும் கடினமாகிவிட்டது.

கதவு சாத்தியிருந்தது என்று எழுதியிருக்கிறார். இரண்டு முறையும் நான் உள்ளேதான் இருந்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் டயரியை எடுத்துப் பார்த்தேன். அவர் வராத மூன்று நாளும் அதில் இருக்கின்றன. ‘இன்று நர்ஸ் வரவில்லை’ என்று அடிக்கோடிட்டு எழுதியிருக்கிறேன். வந்த முந்நூற்றுச் சொச்சம் நாளில் ஒன்றுகூட டயரியில் இல்லை. நான் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியும் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் குழாயைப் பற்றி எதற்கு எழுதினேன் என்றும் கேட்பீர்கள். மார்ச் மாதத்தில் ஒரு நாள் அந்த அம்மா இடுப்பில் குடத்தோடு வெயிலில் வருவதைப் பார்த்தேன். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். எதிர்ச் சாரிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன். நன்றி எழுதத் தெரியாதவனுக்குப் புகார் எழுதத் தெரியும், அவ்வளவுதான். நீங்கள் இடம் போதாமல் எடுத்துவிட்ட வரியில் இருந்தவர் அவர்தான். உங்களைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை.

கமிட்டியிடம் காட்ட என் மூன்று மனுக்களின் நகல் வேண்டுமென்று முந்தாநாள் மேரிக்குப் போனேன். கட்டடத்துக்கு. வசந்தா என்று ஒரு பெண், என் பழைய மாணவிகளின் வயது இருக்கும், அரை மணி நேரம் தேடி எங்கிருந்தோ எடுத்து வந்தாள்.

“இதுங்களா சார்? இது பென்ஷன் கட்டுல இருந்துச்சு.”

“தண்ணீர்க் குழாய் மனு எப்படியம்மா பென்ஷன் கட்டுக்குப் போகும்?”

“பிரெஞ்சுல இருக்குதே சார். இங்க யாருக்கும் பிரெஞ்சு தெரியாது. பிரெஞ்சுல வர்றதெல்லாம் சொல்தா பென்ஷன் பேப்பர்தான். அதுன்னு நெனச்சு வச்சிட்டோம்.”

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து திரும்பியவர்களை இங்கே சொல்தா என்போம். என் மனு மூன்றும் அவர்கள் கட்டில் மாதக்கணக்கில் தூங்கியிருக்கிறது. என் அப்பா காலத்தில் நல்ல பிரெஞ்சில் ஒரு மனு போனால் குமாஸ்தா எழுந்து நின்று வாங்குவான். நான் அந்த நினைப்பிலேயே எழுதியிருக்கிறேன்.

அந்தப் பெண் விடவில்லை. “நீங்க தமிழ்ல கதையெல்லாம் எழுதுவீங்களாமே சார். எங்களுக்கு மட்டும் ஏன் சார் பிரெஞ்சுல எழுதினீங்க?”

அவளே காகிதமும் பேனாவும் கொடுத்தாள். நின்றபடியே தமிழில் ஐந்து வரி எழுதிக் கொடுத்தேன். இன்று காலை குழாயடியில் ஆட்கள் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு ஓர் உதவி வேண்டும். நான் எழுதிய மூலக் கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்புங்கள். மாற்றம் எங்கே நடந்தது என்று இதழின் தாளில் ஒரு கடிதமும் வேண்டும். ஆகஸ்ட் பதினைந்துக்கு முன் என் கையில் இருக்க வேண்டும். இதனால் உங்களுக்குச் சங்கடம் வரும் என்று தெரியும். தெரிந்தும் கேட்கிறேன்.

இராயப்பன்

*

சென்னை-2
6-8-1981

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

வணக்கம். என் வயிறு நன்றாக இருக்கிறது, விசாரித்ததற்கு நன்றி.

தாங்கள் கேட்ட இரண்டையும் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். “கடிதத்தில் நர்ஸ் எவரும் குறிப்பிடப்படவில்லை, சொல்லின் பொருள் அறியாமல் மாற்றியது நான், எழுதியவர்மேல் பிழை இல்லை” என்று என் பெயர் போட்டே எழுதியிருக்கிறேன். பக்கப் பொறுப்பாளர் கையெழுத்திட மறுத்தார். ஆசிரியரிடம் நேரே போனேன். ஒரு நிமிடம் முறைத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதன் பிறகு என் கவனக்குறைவுக்காக எனக்கு ஒரு குறிப்பாணையும் கொடுத்தார். அதுவும் சரிதான்.

அந்த அம்மாவின் கடிதத்தை இரண்டு முறைக்கு மேல் படிக்க முடியவில்லை. எனக்கு அதைக் காட்டியதற்கு நன்றி. நான் வினைமுற்று என்று நினைத்து மாற்றியது ஒருவர் வீட்டை என்று இப்போது தெரிகிறது.

தங்கள் நாவல் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடையில் கிடைத்தது. பாதி படித்திருக்கிறேன். நான்கு வரியில் முடிக்கக்கூடிய புத்தகம் அல்ல. அச்சுப்பிழைகள் நிறையத்தான் இருக்கின்றன.

அன்புடன்,
ஜானகிராமன்

*

முத்தியால்பேட்டை
14-8-1981

அன்புள்ள ஜானகிராமன் அவர்களுக்கு,

நலம். பதிவுத் தபால் பத்தாம் தேதி வந்தது. நன்றி. இந்தச் சொல்லை எழுதிவிட்டு நிமிர்ந்து பார்க்கிறேன். கூரை இடிந்து விழவில்லை.

கமிட்டித் தலைவர் தொமினிக் என்னோடு படித்தவன். பட்டாளத்துக்குப் போனான், சொல்தாவாகத் திரும்பினான். பிரான்சிலிருந்து பென்ஷன் வருகிறது, மாடி வீடு இருக்கிறது. அறுபத்திரண்டில் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுவோர் எழுதிக் கொடுக்க ஆறு மாதம் தந்தார்கள். நான் கொடுக்கவில்லை. அதற்கு அவன் என்னைக் கல்யாணப் பந்தியில் வைத்து முட்டாள் என்றான். அதன் பிறகு அவன் வீட்டு வாசலை மிதித்ததில்லை. பதினெட்டு ஆண்டு. நேற்று மிதித்தேன்.

“யாரு? இராயப்பனா? வழி தவறி வந்துட்டியா?”

“ஒரு காகிதம் காட்டணும்.”

“நீ காகிதம் இல்லாம எங்கடா போவ? படி. நீயே படி. கண்ணாடிய எங்க வச்சேன்னு தெரியல.”

என் மூலப் பிரதியைப் படித்தேன். உங்கள் கடிதத்தைப் படித்தேன். ‘மேரி திறக்கிறது’ என்ற இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். மறுபடி படிக்கச் சொன்னான். பிறகு நாற்காலி ஆடும்படி சிரித்தான்.

“அடப்பாவி! நம்ம மேரியா? பொறந்ததுலேர்ந்து மேரி மேரின்னு சொல்லிக்கினு, பேப்பர்ல பாத்ததும் நர்சுன்னு நெனச்சேன் பாரு! ‘வருகிறார்’னு போட்டிருந்துச்சுடா. நம்ம மேரி எங்கடா வரும்? நாமதான போவணும்!” சிரிப்பு அடங்கியதும் கேட்டான்: “சரி, மூணு மனு குடுத்தியே, அதுக்கு மேரிலேர்ந்து யாரும் வரலியா?”

பிரெஞ்சில் எழுதியதைச் சொன்னேன். சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அந்த நர்சின் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எதையும் விட்டுவிட முடியவில்லை.

இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “எனக்குப் பிரான்ஸ்லேர்ந்து பென்ஷன் வருது. நாலு வரி பிரெஞ்சு எழுத வராது. ஒனக்கு எழுத வருது, பென்ஷன் வரல. அதான என்மேல ஒனக்குக் கோவம்? எனக்குத் தெரியும்டா. எம்மேல காட்டு. ஆனா தண்ணிக் கொழாய்க்கு எதுக்குடா பிரெஞ்சு?”

மேரியில் அந்தப் பெண் கேட்டதையே பட்டாளத்துக்காரனும் கேட்டான். “தப்பு என்னுது,” என்றேன். கமிட்டிக்கு எழுதிக் கொடுக்க வேண்டுமா என்றும் கேட்டேன்.

“எழுதிக் கிழிச்சது போதும். எழுந்திரு, போவலாம்.”

இருவரும் நடந்தே போனோம். மருந்தகத்துக்குப் பின்னால் அந்த அறை. பெட்டி கட்டித் தயாராக வாசலில் இருந்தது. எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா எழுந்து நின்றார். தொமினிக் தொப்பியைக் கழற்றினான்.

“மேரி, தப்பு எங்க மேல. பேப்பர்ல வந்தது நீ இல்ல, ஆபீசு. விசாரணை முடிஞ்சுது. காலைல வந்து திறந்துடு.”

அவர் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “அப்ப ஐயா என்னைய எழுதலிங்களா?”

“இல்லம்மா,” என்றேன்.

“அந்த மூணு நாளு?”

“அந்த மூணு நாளைப் பற்றி யாருக்கும் எழுதலம்மா.”

டயரியைச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடும் வீரம் எனக்கு இன்னும் வரவில்லை. அவர் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “குழாய்ல தண்ணி வந்துடுச்சுங்க ஐயா, பாத்தீங்களா? நல்ல வேகம்,” என்றார்.

பெட்டியை நான்தான் உள்ளே தூக்கி வைத்தேன். முட்டி வலித்தது.

தொமினிக்மேல் இருந்த கோபம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். பாதி இருக்கிறது. திரும்பும்போது அவனே வாங்கிக் கொடுத்த காப்பியைக் குடித்தேன்.

உங்களுக்குக் குறிப்பாணை கொடுத்த ஆசிரியருக்கு, தமிழில், ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். அதில் புகார் ஏதும் இல்லை.

அன்புள்ள,
இராயப்பன்

*

சென்னை-2
1-9-1981

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

வணக்கம். இங்கு எல்லாரும் சுகம். தங்கள் முட்டிவலிக்குப் பச்சை மூடித் தைலம் வாங்கினீர்களா?

ஆசிரியர் தங்கள் கடிதத்தை என்னைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினார். குறிப்பாணையைத் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. டீ வாங்கிக் கொடுத்தார்.

ஒரு வேண்டுகோள். அந்த அம்மாவைப் பற்றி வாசகர் பகுதிக்கு எழுதுங்களேன். பெயர் போட்டு, செய்ததையெல்லாம் சொல்லி. பிழையாக ஒரு முறை அச்சேறிய பெயர் ஒரு முறை சரியாகவும் ஏறட்டும். ஒரு காற்புள்ளியைக்கூடத் தொட மாட்டேன். என் குழந்தைமேல் சத்தியம்.

அன்புடன்,
ஜானகிராமன்

*

முத்தியால்பேட்டை
9-11-1981

அன்புள்ள ஜானகிராமன்,

நலம். உங்கள் மனைவியும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே மழை விட்டு இரண்டு நாள் ஆகிறது. தைலம் வாங்கினேன். கேட்கிறது.

உங்கள் வேண்டுகோளுக்குப் பதில் எழுத இரண்டு மாதம் எடுத்துக்கொண்டேன். எழுதியது போலவும் இல்லை, எழுதாதது போலவும் இல்லை. முதல் பிரதி நான்கு பக்கம் வந்தது. அதில் ஜெர்மேன் இருந்தாள், பதினொரு மாதம் இருந்தது, என் கைத்திறமையும் இருந்தது. எடுத்துக்கொண்டு மருந்தகத்துக்குப் போனேன். அச்சிடும் முன் கேட்டுவிட வேண்டும் என்று தோன்றியது. முன்பெல்லாம் யாரையும் கேட்டதில்லை.

அவர் ஸ்டவ்வில் ஊசி கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் இரண்டு கையையும் ஆட்டினார்.

“ஐயய்யோ, பேப்பரா! வேணவே வேணாங்கய்யா. ஒரு தடவை வந்ததுக்கே ஊரு முழுக்கப் பதில் சொல்லி ஓஞ்சு போனேன்.”

“இது நல்லது சொல்லி எழுதினதும்மா.”

“நல்லதுன்னா இன்னும் மோசம். நாளைக்கு எவளாவது ஊசி வலிச்சுதுன்னா, ‘பேப்பர்ல வந்தவங்களாச்சே’ன்னு சொல்லுவா.” வரிசையில் நின்ற பெண்கள் சிரித்தார்கள். “சொல்லணும்னா எங்கிட்டயே சொல்லிடுங்க, முடிஞ்சுது.”

நேரிலே சொல்ல வேண்டிய இடம் அதுதான். நின்றேன். வாய் திறந்தது. “தண்ணீர் வேகமாக வருதா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் ஒருவன் நாக்கு இதற்கு மேல் வளையாது போலிருக்கிறது.

ஆகவே உங்கள் பகுதிக்கு ஒன்றும் இல்லை. மன்னியுங்கள். நான்கு பக்கத்தைக் கிழித்துவிட்டு, அந்த அம்மாவுக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு படித்தவர் ஒரே மூச்சில் படிக்கும்படி இருக்க வேண்டும் என்று பார்த்துப் பார்த்து எழுதினேன். முழுவதும் இவ்வளவுதான்:

“எங்கள் வீட்டில் நோய் இருந்தபோது நீங்கள் வந்தீர்கள். கூப்பிடாமல் வந்தீர்கள். நாங்கள் முகம் கொடுத்துப் பேசாத நாளிலும் வந்தீர்கள். நீங்கள் வரும் செருப்புச் சத்தம் கேட்டால் படுக்கையில் இருப்பவர் முகம் மாறும். அதை நீங்கள் பார்த்திருக்க முடியாது, நாங்கள் பார்த்தோம். இத்தனை நாள் சொல்லாமல் இருந்துவிட்டோம். நன்றி அம்மா.”

‘நான்’ என்று எழுதியிருந்ததை ‘நாங்கள்’ என்று மாற்றினேன். ஜெர்மேனும் இருப்பதால் முதலில் மாற்றினேன். பிறகு படித்துப் பார்த்தால் வேறு யாரும்கூட உள்ளே வந்து நிற்கலாம் போலிருந்தது.

இந்த ஐந்து மாதம் பொறுமையாக எனக்கு எழுதிக்கொண்டிருந்ததற்கு உங்களுக்கும் நன்றி. அடுத்த முறை இந்தப் பக்கம் வந்தால் மேரியைக் காட்டுகிறேன்.

அன்புள்ள,
இராயப்பன்

பி.கு.: உறையில் விலாசம் எழுதி, தபால்தலையும் ஒட்டியாயிற்று. கையெழுத்து மட்டும் பாக்கி. காலையிலிருந்து பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறேன். அவருக்கு என் எழுத்து பழக்கம் இல்லை, பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. என் பெயரைப் போட்டால் படித்ததும் அவர் கண்முன் ஜெர்மேன் ஒருத்திதான் வருவாள். அவர் எவ்வளவு செய்தும் எழுந்திருக்காமல் போனவள். பெயர் இல்லாவிட்டால் யார் எழுதியிருப்பார்கள் என்று அவர் யோசிப்பார். குப்பத்தில் ஒவ்வொரு வீடாக, பத்தொன்பது வருஷத்தையும் யோசிப்பார். குறுக்கே கிடந்து பிறந்த கன்னியம்மாளின் குழந்தை வரும். காய்ச்சல் விட்டு எழுந்து கடலுக்குப் போனவர்கள் எல்லாரும் வருவார்கள். அவரவர் முகம் ஒவ்வொன்றாக வரட்டும். கையெழுத்துப் போடாமலே தபால்பெட்டியில் போடப் போகிறேன்.